உபவாசமா, வெறும் வயிறா?

புற்றுநோய் சிகிச்சை முடிந்ததும், நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, புனேக்குப் புதிதாக வந்திருந்த பெட் (PET) ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். "உபாஷி யா" என்றார் மராத்தி நர்ஸ். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதை உபவாசம் என்று எடுத்துக்கொண்டு, இந்த ஊர் விரத வழக்கப்படி ஒரு தட்டு ஜவ்வரிசிக் கிச்சடியை பக்தியோடு முடித்துவிட்டுப் போனேன்.

விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்த தமிழ் டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொண்டார். "கேன்சர் செல்லு சர்க்கரைக்குப் பறக்கும் சார். ஊசில போடுற சர்க்கரை அங்க போய் மின்னும். சாப்ட்டு வந்தா சதைக்குப் போயிடும், நோய் ஒளிஞ்சுக்கும்! நாளைக்கு வாங்க."

மறுநாள் ஊசிக்குப் பின் அரையிருட்டில் அசையாமல் கிடந்தேன். சர்க்கரை மின்மினிகளாய் உடம்பெங்கும் மிதப்பது போலிருந்தது. எங்கேயும் கூட்டமாக உட்காராதீர்கள் என்று கெஞ்சினேன்.

நல்லவேளை, நோயின் தடயம் இல்லை. மூளை மட்டும் பளிச்சென்றிருந்தது. மூளைக்கு எப்போதும் சர்க்கரை வேண்டுமாம், எல்லோருக்கும் அப்படித்தானாம்; என் மூளையும் மின்னியதை மனைவிதான் நம்பவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பரிசோதனைக்கும், "தண்ணி மட்டுந்தானே?" என்று மூன்று மொழியில் கேட்டுவிடுகிறேன்.