நெஞ்சளவும் புள்ளிகளும்

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்றே எடுப்பது என் வேலை. சீ.ரீ. ஸ்கான் என்பதெல்லாம் கொழும்புக் கதை. எங்களிடம் இருந்தது ஒரு கிழட்டு மெசினும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேற்றரும்தான்.

குருநகரில் மீன் விற்கும் ஓர் அக்கா வந்தார். நல்ல பருத்த உடம்பு, விடாத இருமல். முதல் எடுத்த படத்தில் நெஞ்சு முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள். சளிச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் காசநோயாக இருக்கலாம் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். வீட்டில் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். பிள்ளைகளைக் கிட்ட விடுவதில்லை.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ஐமிச்சம். புள்ளிகள் விலாவுக்கு வெளியே, தோள் தசையிலும் இருந்தன. காசநோய் தோளிலா வரும்? மெல்லிய ஆளுக்குப் போதுமான கதிர், தடித்த உடம்பைத் தாண்டுவதற்குள் குறைந்துவிடும். படம் மணல் தூவியது போல வரும். ஜெனரேற்றர் எண்ணெயை மிச்சம் பிடிக்க எல்லோரையும் ஒரே அளவில் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இன்னொரு படம் எடுத்தே தீருவேன் என்று நின்றேன். பிலிம் தட்டுப்பாடு என்று டொக்டர் இழுத்தார்.

"படம் பிழையாய் வந்தால் என்னை ஏசுங்கோ" என்றேன். அரைமனதாய்த் தலையாட்டினார்.

கதிரை எவ்வளவு கூட்டுவது என்று மதிப்பிட நெஞ்சின் தடிப்பை அளக்க வேண்டும். மர அளவுகோலைக் கண்டதும் அக்கா பின்னால் நகர்ந்தார்.

"அளக்க விடமாட்டன், மிஸ்ஸி. எங்கடை பக்கத்திலை ஆளை அளக்கிறது சவப்பெட்டி செய்யத்தான்."

"அப்ப முதல் என்னை அளவுங்கோ."

அளவுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். அளந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்களுக்குச் சின்னப் பெட்டியே காணும்."

பிறகு தானும் நிமிர்ந்து நின்றார்.

ஜெனரேற்றரில் ஓடிய மற்ற எல்லாவற்றையும் நிறுத்துவித்தேன். கதிர் கூடினால் மூச்சை அடக்கும் நேரமும் கூடும். இருமல் வராமலிருக்கச் சுடுதண்ணீர் கொடுத்தேன்.

"கண் பிதுங்கினாலும் மூச்சை விடாதையுங்கோ, அக்கா."

அவர் விடவில்லை.

கழுவி எடுத்த படம் ஒரு புள்ளியும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. டொக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காசமில்லை, மூச்சிழுக்கும் முட்டு வருத்தம்தான் என்று மருந்து எழுதினார்.

"அப்ப அந்தப் புள்ளியள்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"அது படத்திலைதான். உங்கடை நெஞ்சிலை இல்லை."

சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"என்ரை கடைக்குட்டி இப்ப நான் கூப்பிட்டாலும் வாறானில்லை, மிஸ்ஸி."