பதினோராம் அறைக்கு ஓ.பி. சீட்டு

திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் ஓ.பி. சீட்டு போடுகிறேன். ஒப்பந்த வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் என் வேலை போகும். இதில் வருகிற அதிகாரிக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை.

காலை எட்டு மணிக்குக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒரு மணிவரை எழுந்திருக்க முடியாது. கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பெயர், வயது, ஊர், உடம்புக்கு என்ன என்று நான்கு கேள்விகள். தலைக்கு மேல் மின்விசிறி போடுகிற சத்தத்தில் நானும் கத்துவேன், எதிரில் நிற்பவரும் கத்துவார். யாருக்கு நாய் கடித்தது, யாருக்கு மூலம் என்பது வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். அதை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. நான் யோசித்ததே இல்லை.

சில வருடங்களுக்கு முன் இளைஞர்களுக்கான மனநலத் திட்டம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. வியாழக்கிழமை மட்டும் ஒரு மனநல டாக்டர் வருவார். சின்ன வயதுப் பெண். உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த பதினோராம் அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்தார்கள். கட்டில்களில் இரண்டை எடுக்கவே இல்லை. அவற்றுக்கு நடுவில் மேஜையைப் போட்டு அவர் உட்கார்ந்தார்.

திட்டத்தைக் கவனித்துக்கொள்ள ஓர் அதிகாரி இருந்தார். அவர் செய்த முதல் வேலை போர்டு வைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு அழுகிற பெண்ணின் படம். 'மனநலப் பிரச்சனையா? தயங்காமல் வாருங்கள்' என்று படத்துக்குக் கீழே கொட்டை எழுத்து. அதைப் பதினோராம் அறைக்குத் திரும்புகிற இடத்தில், என் கவுன்ட்டருக்கு நேர் எதிரே வைத்தார். அந்தப் பக்கம் யார் திரும்பினாலும் வரிசையில் நிற்கிற நூறு பேரும் பார்க்கலாம். தயங்காமல் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அவர் புத்திக்குத் தோன்றவில்லை.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினார்கள். ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். "நம்ம இளைஞர்கள்கிட்ட விழிப்புணர்வு இல்லை, அதுதான் பிரச்சனையே" என்று அதிகாரி மைக்கில் சொன்னார். அதன்பிறகு ஒரு மாதம், தூக்க மாத்திரை கேட்டு வந்த நான்கைந்து வயதானவர்களைத் தவிர, பதினோராம் அறைக்கு யாரும் வரவில்லை. இளைஞர்களின் அறியாமையை நினைத்து அதிகாரி மிகவும் வருத்தப்பட்டார்.

அப்போதுதான், ஒரு வியாழக்கிழமை, ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது. ஆந்திர எல்லை ஓரத்து நெசவு ஊரிலிருந்து அப்பாவுடன் வந்திருந்தாள். அவர் பவர்லூமில் வேலை செய்பவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, எதையும் உரக்கப் பேசிப் பழகியவர். கல்லூரியில் யாரோ ஒரு டீச்சர் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்.

அவள் குனிந்து, ஓட்டைக்கு அருகில் வாயை வைத்துச் சொன்னாள். "அக்கா, தூக்கமே வரல. காலேஜுக்குப் போவ முடியல. அழுகையாவே வருது."

"இன்னா? சத்தமா சொல்லும்மா."

அவள் திரும்பவும் அதே குரலில் சொன்னாள். எனக்குப் பாதி காதில் விழுந்தது. "மனநலமா?" என்று கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி.

வரிசை திரும்பிப் பார்த்தது. மூன்று பேர் தள்ளி, கையில் கட்டுடன் நின்ற ஒரு பெண், அவர்கள் தெருக்காரி போலிருக்கிறது, எட்டிப் பார்த்தாள். "இன்னா பாவா, பாப்பாவுக்கு இன்னா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"ஜுரம்மா! ரெண்டு நாளா ஜுரம்!" என்று அப்பா ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஜுரம்னு போட்ருங்கம்மா" என்றார்.

போட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் பொது டாக்டரிடம் போய், காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். 'அடுத்த ஆள்' என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை அவள் தனியாக வந்தாள். கல்லூரிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, பாதி வழியில் பஸ் மாறி வந்திருந்தாள். பதினோராம் அறை பூட்டியிருந்தது.

"டாக்டரம்மா இன்னிக்கு வெளியில விழிப்புணர்வு முகாமுக்குப் போயிருக்காங்கம்மா" என்றேன்.

"எங்கக்கா?"

மேஜைமேல் கிடந்த சுற்றறிக்கையைப் பார்த்துக் கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அது எங்க காலேஜ்தான்க்கா."

வாரத்தில் ஒரே ஒரு நாள் வருகிற டாக்டரை, அந்த ஒரு நாளிலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார் அதிகாரி. இளைஞர்கள் ஏன் டாக்டரிடம் வருவதில்லை என்று இளைஞர்களிடம் கேட்பதற்காக.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அவளுடைய தோழி முகாமிலிருந்து போனில் படம் அனுப்பினாள். இவள் எழுந்து வந்து அதை ஓட்டை வழியாக எனக்குக் காட்டினாள். மேடையில் அதிகாரி மைக்குடன் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் ஓரத்து நாற்காலியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கெல்லாம் மன அழுத்தம் கீதோ கையைத் தூக்குங்கன்னு கேக்குறாராம்க்கா."

"யாராச்சும் தூக்குனாங்களா?"

"முன் வரிசையில பிரின்சிபால் குந்திகினு கீறாராம். யாரு தூக்குவாங்க?"

அதற்கும் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் கவுன்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டாள். "தினம் காலையில கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு கீதுக்கா. இன்னிக்கும் டாக்டர் இல்லைன்னா நான் இன்னா பண்றதுன்னு தெரியல."

பின்னால் ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், சீக்கிரம் ஆகட்டும் என்று. கிருத்திகைக்கு நடந்து வந்து கால் கொப்பளித்தவர்கள், மொட்டைத் தலையும் சந்தனமுமாக வரிசையில் நிறையப் பேர். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். வேலைக்குச் சேர்ந்தபிறகு ஒரு மணிக்கு முன்னால் நான் நாற்காலியை விட்டு எழுந்தது அன்றுதான். அவளை மருந்து கொடுக்கிற அறையில் நர்ஸ் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். டாக்டருக்கு போன் செய்தேன்.

அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அவங்களைத் தனியா விடாதீங்க. போகவும் விடாதீங்க. நான் வரேன்" என்றார்.

ஜீப்பைக் கேட்டிருக்கிறார். மதிய விருந்து முடிந்து, குழுவாகப் படம் எடுத்தபிறகுதான் ஜீப் புறப்படும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். டாக்டர் ஷேர் ஆட்டோ பிடித்து, புடவை முழுக்கத் தூசியுடன் வந்து இறங்கினார். உடைந்த கட்டில்களுக்கு நடுவில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிறகு அவள் சம்மதத்துடன் அப்பாவை வரவழைத்தார். காது மந்தமானவரிடம் இந்த விஷயத்தைச் சத்தமில்லாமல் எப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. எழுதிக் காட்டியிருப்பார். வெளியே வந்தபோது அந்த மனிதர் மகளின் பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் என்னிடம் வந்தார். "இந்தப் பொண்ணு போன வாரமே வந்தாங்களாமே?"

"ஆங், வந்தாங்க மேடம்."

"அப்புறம் ஏன் என்கிட்ட வரல?"

"ஜுரம்னு சீட்டு போட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதுவரை என் ஏளனமெல்லாம் அதிகாரிக்கும் அவருடைய போர்டுக்கும் என்றே வைத்திருந்தேன். பஸ்ஸில் திருத்தணி வந்து சேரும்வரை அதில் என் பங்கையும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. போர்டு வாய் திறந்து யாரையும் கேட்கவில்லை, கத்தியது நான்.

மறுநாள் குளுக்கோஸ் பாட்டில் வந்த பெட்டியிலிருந்து ஓர் அட்டையைக் கிழித்தேன். பல், கண், காது, எலும்பு, மனநலம் என்று எல்லாவற்றையும் அறை எண்ணோடு எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். வருகிறவர்கள் எண்ணின்மேல் விரலை வைத்தால் போதும். நான் வாயைத் திறக்காமல் சீட்டில் எண்ணை மட்டும் போட்டுக் கொடுப்பேன். எழுத்துத் தெரியாதவர்களை மட்டும் அருகில் அழைத்து மெதுவாகக் கேட்டேன். போர்டின் முன்னால், தரை துடைக்கிறவரிடம் சொல்லி, சக்கர நாற்காலிகளை நிறுத்தி வைத்தேன். அழுகிற பெண்ணின் நெற்றி மட்டும் தெரிந்தது.

ஒருவர், இருவர் என்று வர ஆரம்பித்தார்கள். பாலிடெக்னிக் பையன், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண், ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவன். எண்ணின்மேல் விரலை வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் பெஞ்ச் போதவில்லை. டாக்டர் சாப்பிடாமல் மூன்று மணிவரை பார்த்தார். அந்தப் பெண்ணும் தவறாமல் வந்தாள். அப்பா கூட வருகிற நாட்களில், "எங்க ஊர்ல ரத்தம் கம்மின்னு சொல்லிக்கினு கீறேன்ம்மா!" என்று எனக்கு ரகசியம் சொல்வார். வரிசை முழுக்கக் கேட்கும்.

அதிகாரி கணக்கைப் பார்த்தார். போர்டும் முகாமும் வேலை செய்துவிட்டன என்று அறிக்கை எழுதினார். அட்டையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என்னம்மா இது, அசிங்கமா? எடுத்துடு." எடுத்தேன். அவர் ஜீப் போனதும் திரும்ப ஒட்டினேன். மாதம் ஒரு முறை இது நடந்தது.

ஆண்டு விழா வந்தது. மறுபடி என் கவுன்ட்டருக்கு வந்தார். "பயன்பெற்றவங்க யாராவது ஒரு பொண்ணு மேடையில பேசணும். டாக்டரம்மா முடியாதுன்னுட்டாங்க, ஒத்துழைப்பே இல்லை. உன்கிட்ட போன் நம்பர் இருக்குமே?"

"நம்பர் வாங்கறதில்ல சார்."

பச்சைப் பொய். நோட்டு என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது.

"வாங்கணும்மா. திட்டத்துலயே இருக்கு" என்றார். எல்லாம் திட்டத்தில் இருந்தது, டாக்டருக்கு இன்னொரு நாள் என்பதைத் தவிர.

விழா திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை நிரப்ப எங்களையும் அழைத்துப் போனார்கள். பயன்பெற்றவர் என்று ஒரு பெண் மேடையேறினாள். எங்கள் வார்டில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த நர்சிங் மாணவி. சுடிதாரில் வந்திருந்தாள். தாளைப் பார்த்து, "நான் ஆறு மாதமாக மனச்சோர்வில் இருந்தேன்" என்று படித்தாள். கை தட்டினார்கள். ஒரு சால்வை போட்டார்கள். அவள் இறங்கி வரும்போது எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தக் குழந்தையைச் சொல்லி என்ன? அவளுடைய பயிற்சி மதிப்பெண் அவர்கள் கையில்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெண் மாத்திரைக்கு வந்தாள். மறுபடி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேப்பர் அரியர். தூக்கம் பரவாயில்லை என்றாள். வரிசை குறைவாக இருந்ததால், அதிகாரி நம்பர் கேட்டதையும் விழாவில் நர்சிங் மாணவி பேசியதையும் சொன்னேன்.

"எனக்குப் பதிலாவா?" என்றாள். "இன்னாக்கா பேசினா?"

"தினம் பிராணாயாமம் செஞ்சதுல எல்லாம் சரியாயிடுச்சாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல்முறையாக அவள் சிரிப்பு பாதியில் நிற்காமல் முடிந்தது. பிறகு கேட்டாள், "நம்பினாங்களா?"

"கை தட்டினாங்க."

"அது வேறக்கா" என்று சொல்லிவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.