வெட்டுப்படாத வலை

மிக்கேலம்மாளுக்குச் சுறா என்றால் உயிர் என்று திரேஸ்புரத்தில் சிலர் சொல்லுவார்கள். அவளைத் தெரியாதவர்கள் சொல்லுவது அது. சுறாவின் வாடையே அவளுக்கு ஆகாது. பிள்ளை பெற்றிருந்தபோது, பால் ஊறட்டும் என்று மாமியார் கிண்டிக் கொடுத்த சுறாப்புட்டைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினாள். அப்படிப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷம் சுறாவுக்காக ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள் என்றால், அதற்குக் காரணம் சுறா அல்ல. கிருபாநிதி.

கிருபாநிதிக்கு ஐந்து வள்ளங்கள் இருந்தன. சுறாவின் துடுப்பை, இறகு என்பார்கள், காயவைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புகிறவர். மிக்கேலம்மாளின் கணவன் ரோச் அவருடைய வள்ளத்தில் போனான். சங்கு குளித்துப் பழகியவன். அதனால் கடலடிப் பாறைத் திட்டான பாரில் வலை சிக்கினால் மூழ்கி விடுவிப்பது அவன் வேலை. எழுபத்துநான்கு பங்குனியில் அப்படி இறங்கியவன் உயிரோடு ஏறவில்லை. பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார்கள்.

"பிரிக்காத தாயி, பாக்குத மாதிரி இல்ல," என்றார் கிருபாநிதி. "வலையில மாட்டிக்கிட்டான். எடுக்கதுக்குள்ள சுறா வந்துட்டு. நானே கத்தியெடுத்து வலைய வெட்டுனேன். புத்தம் புது வலை. போனாப் போகுதுன்னு வெட்டுனேன்."

அவள் நம்பினாள். தைத்தது தைத்தபடியே புதைத்தார்கள்.

ஆள் செத்த பாரில், அவன் வீட்டுக்காரி உத்தரவு கொடுக்கும்வரை அந்தக் கரைக்காரர்கள் யாரும் வலை போடமாட்டார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு கிருபாநிதி வந்து கேட்டார். "ரோச்சத் தின்ன சாதிய ஒண்ணுவிடாமக் கருவறுக்கணும் தாயி. சரின்னு சொல்லு." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள். சினைச்சுறாக்கள் குட்டி போட வரும் பார் அது. சித்திரை முழுவதும் அவர் வள்ளங்கள் சுறாச் சுமையில் தாழ்ந்துபோய்த்தான் கரைக்கு வந்தன.

இரக்கப்பட்டு அவளுக்குத் தன் கொட்டகையில் கிழிந்த வலை பொத்தும் வேலை கொடுத்தார். அவர் செய்த தப்பு அதுதான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த வலையே அவள் மடியில் வந்து விழுந்தது. மூலையில் ரோச் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புத் துணி அப்படியே இருந்தது. அவர் வெட்டிய இடத்தைத் தேடினாள். கத்தி வெட்டு நேராக இருக்கும், பல் கிழித்தது பிசிறடிக்கும். வெட்டியதை யாராவது பொத்தியிருந்தாலும் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாள் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். பல் கிழிசல் எத்தனையோ இருந்தது. வெட்டு ஒன்றுகூட இல்லை. பொத்திய முடிச்சும் இல்லை.

அன்றைக்கு வள்ளத்தில் இருந்த மரியானிடம் போனாள்.

"வலைய எந்த எடத்துல வெட்டுனாரு?"

மரியான் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நாலு பிள்ளைக இருக்கு மதினி."

அது போதும் அவளுக்கு. அழவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வலை பொத்துவதை விட்டுவிட்டு, அவருடைய களத்திலேயே சுறா அறுக்கும் வேலைக்கு மாறினாள். வயிற்றைக் கீறினால் குட்டிகள் வழுக்கி விழும். ஒரு குட்டிக்கு ஒரு முடிச்சு என்று நைலான் நூலில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏளா, செபமாலையா கட்டுத?" என்று கூட அறுக்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

"ஆமா, மொதலாளிக்கு," என்பாள்.

இரண்டு வருஷம் கழித்து மீன்துறையிலிருந்து செந்தில்வேல் என்ற இன்ஸ்பெக்டர் வந்து, கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். சுறா சாளை மீன் மாதிரி அல்ல, கொஞ்சமாகத்தான் குட்டி போடும், பங்குனி முதல் மூன்று மாதம் ரோச் செத்த அந்தப் பாரில் வலை போடாதீர்கள் என்றார். சட்டம் எதுவும் இல்லை, ஊர் கட்டுப்பட்டால்தான் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"சுறாவுக்குப் பிரசவ லீவா சார்?" என்று ஒருவன் கேட்க, மண்டபமே சிரித்தது.

கிருபாநிதி சிரிக்கவில்லை. "புருசனச் சுறாவுக்குக் குடுத்தவ அங்கன உக்காந்திருக்கா. அவ சொல்லட்டும், சுறாவ விட்டுவைக்கலாமான்னு."

மிக்கேலம்மாள் எழுந்து, நூல் உருண்டையை இன்ஸ்பெக்டர் மேசைமேல் வைத்தாள்.

"இது நான் அறுத்தெடுத்த குட்டிக. வேணும்னா எண்ணிக்கிடுங்க சார்." பிறகு கிருபாநிதி பக்கம் திரும்பினாள். "மொதலாளி, எம் புருசன எடுக்க நீங்க வலைய வெட்டலையே. மூணு நாள் தேடுனேன், ஒரு வெட்டு இல்ல. சுறா வலையத்தான் கடிச்சிருக்கு. அவரக் கொன்னது யாரு?"

"பைத்தியம் பிடிச்சிட்டு இவளுக்கு!" என்று கிருபாநிதி கத்தினார்.

"மரியான் அன்னைக்கு வள்ளத்துலதான இருந்தான், அவனக் கேளுங்க."

எல்லோரும் மரியானைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். "வெட்டல. நான் கத்தியெடுத்தேன், மொதலாளி கையப் பிடிச்சிட்டாரு. புது வலைன்னாரு. மூச்சு முட்டித்தான் செத்தான், ரோச் மேல ஒரு பல்லுத்தடம் கெடையாது."

"முப்பதாம் நாள் குடுத்த உத்தரவ இப்பத் திருப்பி எடுத்துக்கிடுதேன்," என்றாள் மிக்கேலம்மாள். "சார் கேக்குத மூணு மாசம் எனக்குப் பத்தாது. நான் சாகுற வரைக்கும் அந்தப் பாருல ஒரு வலையும் எறங்கக்கூடாது."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாது. அந்த வருஷத்திலிருந்து ஒரு வள்ளமும் அங்கே நிற்கவில்லை. கிருபாநிதி வள்ளத்தில் ஏறவும் ஆள் வரவில்லை. ஒவ்வொன்றாக விற்றார்.

மறு வருஷம், பாரில் சுறாக்குட்டிகள் கூட்டமாகத் திரிவதாக இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, "நீங்க செஞ்சது பெரிய காரியம்மா," என்றார்.

"அதுக இருந்தா என்ன, செத்தா என்ன சார். அந்தாளுக்கு ஒண்ணுகூடக் கெடைக்கக்கூடாது."

தினமும் சாயங்காலம் கிருபாநிதியின் கொட்டகை வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். சிவப்புத் துணி கட்டிய வலை மூங்கிலில் காய்ந்து தொங்கும். ஒருநாள் அதில் எலி கடித்து நாலைந்து கண்ணி அறுந்த ஓட்டை தெரிந்தது. நின்று பார்த்தாள். உள்ளேயிருந்து கிருபாநிதி, "இப்பத் திருப்தியா?" என்று கேட்டார்.

"இன்னும் நெறையக் கண்ணி மிச்சம் இருக்கு மொதலாளி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.