திங்கள் அரிசி, புதன் முட்டை

கொரோனாவில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, மதிய உணவுக்குப் பதிலாக அரிசி, முட்டை, கடலை மிட்டாய் மூன்றையும் பெற்றோரிடம் கொடுத்துவிட அரசு உத்தரவு போட்டது. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பஸ் நின்றதும் மற்ற ஆசிரியர்கள் அவரவர் ஊரில் தங்கிவிட்டார்கள். நான் மட்டும் பள்ளிக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில். மனைவியும் மகளும் திருப்பதியில். "பத்து நாள்ல சரியாயிடும், எதுக்கு அலைச்சல்?" என்று சொல்லி இங்கேயே நின்றுவிட்ட தீர்க்கதரிசி நான்தான்.

பேசிப் பேசியே பிழைத்தவன் நான். கேட்க ஆளில்லாமல் போனதும் முதல் வாரம் ரேடியோவோடு சண்டை போட்டேன். இரண்டாம் வாரம் காலி வகுப்பில் வருகை எடுத்தேன். ஒருவரும் உள்ளேன் ஐயா சொல்லவில்லை. எல்லோருக்கும் ஆப்சென்ட் போட்டேன்.

முதல் தடவை மூன்று பொருளையும் ஒரே காலையில் கொடுத்தேன். பதினோரு மணிக்கெல்லாம் பெற்றோர் போய்விட்டார்கள். இனி இரண்டு வாரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அன்று மதியம்தான் அந்த யோசனை வந்தது. அடுத்த தடவை திங்கள் அரிசி, புதன் முட்டை, வெள்ளி மிட்டாய் என்று அறிவித்தேன்.

"கூட்டம் சேரக் கூடாது. சித்தூர் ஆபீஸ்லருந்து ஆர்டர்" என்றேன். அந்தச் சித்தூர் நான்தான்.

சுண்ணாம்பு வட்டங்களில் நின்றவர்களிடம் பிள்ளை படிக்கிறதா, மாடு கறக்கிறதா என்று ஆற அமர விசாரித்தேன். கையெழுத்துக்கு ஒரே பேனா. அதையும் அடிக்கடி தேடினேன்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா வட்டத்தைத் தாண்டி முன்னால் வந்தார்.

"இன்னா சார், முட்டையும் மிட்டாயும் ஒரே ஆட்டோலதானே வந்துச்சு? நான் பாத்தேனே."

"கூட்டம் சேரக் கூடாதும்மா…"

"மூணு வாட்டி கூப்ட்டா கூட்டம் கொறையுமா? வேர்க்கல்ல புடுங்கிக்கினு இருந்தவ, பாதில வுட்டுட்டு வந்துக்கினு இருக்கேன். இன்னொரு வாட்டி போனா வேற ஆள வெச்சிக்குவேன்னு நெலத்துக்காரர் சொல்லிட்டாரு."

கையெழுத்து நோட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அன்று பேனா உடனே கிடைத்தது.

"பேச ஆளில்லம்மா" என்றேன். முகக்கவசம் இருந்ததால் முகம் தப்பித்தது.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு எங்க பொழப்புல கை வெப்பீங்களா சார்?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தடவை மூன்றையும் ஒரே பையில் கட்டி, அவர்கள் வேலைக்குப் போகும் முன் ஆறு மணிக்கே கொடுத்தேன். ஏழு மணிக்குப் பள்ளி காலி. மேசையில் ஒரு மிட்டாய்ப் பாக்கெட் மிச்சமிருந்தது. அந்த அம்மாவின் பையில் போட மறந்தது. சத்தியமாக வேண்டுமென்று செய்ததல்ல. அந்தச் சத்தியத்தை நானே முழுசாக நம்பவில்லை.

சாயங்காலம் சைக்கிளில் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் நிலத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணும்னே மறந்தீங்களா சார்?"

"இல்லம்மா."

"சரி, ஒக்காருங்க. இப்ப எனக்கு வேலை இல்ல. இன்னா கேக்கணுமோ கேளுங்க."

உட்கார்ந்தேன்.

"மாடு கறக்குதா?" என்றேன்.

"எங்களுக்கு ஏது சார் மாடு? அரிசி வாங்க வந்த அன்னிக்கே சொன்னேனே."

சொன்னாராம். நான்தான் கேள்வி கேட்டதோடு சரி.