ஏழு மைலுக்கு எவ்வளவு?

“பெங்களூர் மார்க்கெட்டுக்கு எவ்ளோப்பா?” என்று கேட்டு, பதில் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்கிறார் கோவிந்தப்பன். அவர் பெங்களூருக்குப் போகவில்லை. ஓசூர் மிஷினில் ராகி அரைக்க வந்தவர். மாவு அரைபடும் நேரத்தில் நாலு வண்டியின் வாடகையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அன்றைக்கு அவருக்குக் களி தொண்டையில் இறங்காது.

உத்தனப்பள்ளியில் ஆறு ஏக்கர் புஞ்சை, ஒரு கிணறு, ஒரு கறுப்புக் கோட்டு. வெளியூர் என்றால் வேட்டிக்கு மேல் கோட்டு ஏறிவிடும். சந்திரசூடேஸ்வரர் தேரில் வடம் பிடித்தவர்களிடம், “ஒரு சுத்துக்கு என்னா ஆவுது?” என்று விசாரித்தவர். சாமியே திரைச்சீலையை விலக்கி, யார் கேட்டது என்று பார்த்ததாக ஊர் சத்தியம் செய்கிறது.

குதிரை வண்டிக்காரரிடம் முதலில் தமிழில் கேட்பார். ஒரு சுற்று சுற்றி வந்து தெலுங்கில் கேட்பார். பிறகு தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு கன்னடத்தில். “தமிழுக்கு ஒண்ணேகால் ரூவா, தெலுங்குக்கு ஒரு ரூவா, கன்னடத்துக்குப் பன்னெண்டணா. குதிரை என்னமோ ஒண்ணுதான்,” என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் போன தை மாதம் சோதனை வானத்திலிருந்து இறங்கியது. மகள் ருக்மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வரன். பையனுக்கு விமானக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அப்பாவுக்கு இலவசச் சீட்டு உண்டு. ஆகவே பையனின் அப்பா நாராயணப்பன் பெங்களூருக்கு விமானத்திலேயே வருகிறாராம். பெண் பார்ப்பது சிக்பேட்டையில், கோவிந்தப்பனின் தங்கை வீட்டில். விமான நிலையத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஏழு மைல்.

ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்த ருக்மணி அதைத் திருப்பித் தரவில்லை. இதையும் ஏழு மைலில் கோட்டைவிடக் கூடாதே என்பது அப்பனின் கவலை.

“டாக்சில இட்டுக்கினு வாய்யா, மானமா இருக்கும்,” என்றாள் மனைவி வெள்ளையம்மா.

“நாலு ரூவாதானேன்னு நீ நெனைக்கற. டாக்சியப் பாத்துட்டு, பெரிய கை போலன்னு அவரு பத்து சவரன் சேத்துக் கேட்டா?”

“அப்ப குதிரை வண்டி.”

“ஒண்ணுமில்லாதவன்னு அதே பிளேன்ல திரும்பிட்டா?”

சரி, எல்லாவற்றிலும் ஏறியே பார்த்துவிடுவது என்று கிளம்பினார். வாரம் ஒரு நடையாக நாலு வாரம். டவுன் பஸ் நாலணா. ஆனால் அடுத்தவர் கோழிக்கூடை நம் மடியில்தான் உட்காரும். குதிரை வண்டி இரண்டு ரூபாய். குதிரை ஒவ்வொரு புளியமரத்தடியிலும் நின்று குசலம் விசாரிக்கும். டாக்சி நாலு ரூபாய். ஏறும்போது இருந்த கனம் இறங்கும்போது மடியில் இருக்காது. விமானக் கம்பெனி பஸ் ஒன்றேகால் ரூபாய், விமானத்தில் வந்தவர்களுக்கு மட்டும். கோட்டுப் போட்டவரை யார் கேட்பார்கள்? கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் பயணம் எப்படி என்று கேட்டதற்கு, “ஓசூருகிட்ட மேகத்துல பள்ளம் ஜாஸ்தி,” என்றாராம்.

“நீ ஏறிப் பாத்த செலவுக்கு அந்த மனுசனப் பல்லக்குல தூக்கியாந்திருக்கலாம்!” என்றாள் வெள்ளையம்மா.

அவ்வளவு அலைந்தும் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. குறித்த நாளில் டாக்சி ஒன்று, குதிரை வண்டி ஒன்று, இரண்டையும் விமான நிலைய வாசலில் நிறுத்திவைத்தார். வருகிறவரின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வதாக ஏற்பாடு.

முகம் வந்தது. அவரைக்காய் நிறத்தில் இருந்தது. நாராயணப்பன் ஒரு கையால் பெட்டியையும், மறு கையால் வாயில் துண்டையும் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார்.

“ஐயா, டாக்சி இருக்குது. குதிரை வண்டியும் இருக்குது. கம்பெனி பஸ்ஸு வேணும்னாலும்...”

“ஆடுமா?”

“எதுங்க?”

“எல்லாந்தான்.”

கோவிந்தப்பன் திகைத்தார். வாழ்நாளில் அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் எந்த வண்டிக்காரரிடமும் கேட்டதில்லை. “ஆடுங்க,” என்றார், பொய் சொல்ல நா எழாமல்.

“அப்ப ஒண்ணும் வாணாம். அந்த மைல் கல்லு வரைக்கும் நடக்கலாம். தரைய கொஞ்சம் மிதிச்சிக்கறேன்.”

குதிரை வண்டி போய்விட்டது. டாக்சியில் பெட்டி மட்டும் ஏறியது. “ஆளு ஏறாட்டியும் நாலு ரூபாதான் சாமி,” என்று சொல்லிவிட்டு, டிரைவர் அவர்கள் பின்னாலேயே வண்டியை ஊரவிட்டார். பின் இருக்கையில் பெட்டி ஜமீன்தார் மாதிரி வந்தது.

மைல் கல்லில் உட்கார்ந்ததும் நாராயணப்பனுக்கு உயிர் திரும்பியது. “உங்க பொண்ணு பிளேன் ஏறுவாளா?”

கோவிந்தப்பன் விரலை மடக்கினார். ஏறுவாள் என்றால் துணிச்சல்காரி. மாட்டாள் என்றால் பட்டிக்காடு. எது எத்தனை சவரன் என்று கணக்குக்கு வரவில்லை.

“மாட்டு வண்டி கொஞ்சம் வேகமாப் போனாலே எறங்கி நடப்பாளுங்க,” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“அதான் வேணும்! இலவசம் இலவசம்னு என் பையன் என்னை இந்தச் சனியன்ல ஏத்தி உசிர எடுக்கறான். வாணாம்னு சொல்ல வூட்ல எனக்கு ஒரு ஆளு வேணாமா?” எழுந்து கையை நீட்டினார். “நடங்க, பொண்ணப் பாக்கலாம். திரும்பறப்ப நான் ரயிலுதான், சம்மந்தி.”

சம்பந்தி! கோவிந்தப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வலக்கையால் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலடி போனதும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஊர்ந்து வந்த டாக்சிக்காரருக்கு, நாலு ரூபாய்க்குப் பதிலாக இரண்டு விரலைக் காட்டினார்.