வாய்வரை வந்த பெருமை

மகள் ஒன்றை நன்றாகச் செய்தால், அதை அவள் எதிரிலேயே சொல்லி மகிழலாமா, கூடாதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘க்வெல்’ என்ற சொல்லை அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். பிள்ளையின் வெற்றியில் பூரித்துப்போய் அதை வாய்விட்டுச் சொல்வது என்று பொருளாம். வேர்ச்சொல்லுக்கு ஊற்றெடுத்தல் என்று அர்த்தம். நம் ‘பெருமிதம்’ என்ற சொல்லோ மேடைப் பேச்சோடு நின்றுவிடுகிறது. பெருமை என்றால், ‘அடித்துக்கொள்ளாதே’ என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

மறுநாள் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இரண்டாம் வகுப்புக்காரி, ஒரு கன்னடக் கதையைத் தடுமாறாமல் படித்தாள். “ஹெம்மெ ஆகுத்தல்வா?” என்றார் ஆசிரியை. ஹெம்மெ என்றால் பெருமை; ‘பெருமையாக இருக்கிறதல்லவா?’ என்று கேட்கிறார். ‘ரொம்பப் பெருமையாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து நானும் துணிந்து, “தும்பா எம்மெ ஆகுத்தே மிஸ்” என்றேன். என் தமிழ் நாக்கு ‘ஹ’வை விழுங்கிவிட்டது. எம்மெ என்றால் எருமை.

“ஐயோ, அம்மா எருமை ஆயிட்டாங்க!” என்று மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போதும் எனக்கு வெட்கம் தீரவில்லை. பின்னாலிருந்து மகள் கேட்டாள்: “நான் நல்லா படிச்சேன்தானே?”

“அதெல்லாம் சொல்லக்கூடாதுடி. கண்ணு பட்டுடும்.”

“யாரு கண்ணும்மா? உன் கண்ணா?”

அன்றிலிருந்து அவள் வீட்டில் சத்தமாகப் படிப்பதில்லை. என்னால்தானோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

தலைக்கனம் ஏறாமல், மனமும் சுருங்காமல் பிள்ளையைப் பாராட்ட உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.