கிணற்றடிக் கேள்வி

எங்கள் ஊர்க்காரருக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர். அதில் ஊரில் இருப்பது என்னோடு சேர்த்து ஆறோ ஏழோ பேர்தான். மற்றவர்கள் எல்லாம் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், கொழும்பு. காலையில் பூப்படம், மத்தியானம் சாப்பாட்டுப் படம், இடையிலே யாராவது செத்தால் அறிவித்தல், அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். இவ்வளவுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் குழுவை நடத்துகிற கனடா அண்ணை எனக்கு அழைப்பெடுத்தார்.

"ரீச்சர், இதுக்குள்ளை பாதிப் பேருக்கு மற்றப் பாதியைத் தெரியாது. ஞாயிறு தவறாமல் நீங்கள் ஒரு கேள்வி போடுங்கோ. பதில் சொல்லச் சொல்ல ஆக்கள் பழகுவினம்."

"ஏன், உங்களுக்குக் கேள்வி கேக்க ஏலாதோ?"

"நான் கேட்டால் ஒருத்தரும் திரும்பியும் பாக்காயினம். நீங்கள் கேட்டால் பிரம்போடை நிக்கிற மாதிரி இருக்கும்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இளைப்பாறி ஐந்து வருடமாக யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டில் கேள்வி கேட்க ஒரு பூனை மட்டும் இருந்தது, அதுவும் பதில் சொல்லாத சாதி.

முதல் ஞாயிறு, சைக்கிள் பழகும்போது எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டேன். அறுபது பதில் வந்தது. லண்டனில் பெரிய டொக்டராக இருப்பவர் கோயில் ஐயர்மேல் விழுந்திருக்கிறார். அடுத்த கிழமை, பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்ட நாட்களில் எங்கே ஒளித்தீர்கள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் என் காலத்திலேயே என் வகுப்பிலிருந்து ஓடினவர்கள் இருவர் அதில் பிடிபட்டார்கள். மூன்றாவது கிழமை, போரில் இடம்பெயர்ந்து போனபோது கையில் என்ன கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். அது சிரிப்புக் கேள்வியாக இருக்கவில்லை. ஒருவர் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வெறுங்கையோடு வள்ளம் ஏறியதாக எழுதினார். இன்னொருவர் தகப்பனின் பல்லுச் செட்டைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டு போனாராம். தகப்பன் போகவில்லையாம்.

டென்மார்க்கில் இருந்து ஒரு பெண் எழுதுவார். குழுவில் எல்லோரும் அவரை டென்மார்க் அக்கா என்றார்கள். நாலு வரிக்கு மேல் எழுதமாட்டார், ஆனால் அந்த நாலு வரியில் மணலின் சூடு காலில் சுடும். இடம்பெயர்ந்த கேள்விக்கு அவர் எழுதியது இது: "கையிலை ஒண்டுமில்லை. வயித்திலை மகன்." நான் அவருக்குத் தனியே பாராட்டி ஒரு செய்தி அனுப்பினேன். அவர் குரலிலே பதில் அனுப்பினார். அப்படியே பழக்கமாகிவிட்டது. அவர் அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், கால் வீங்குகிறது என்று விட்டுவிட்டார். என் இரத்த அழுத்தக் குளிசை மாறினால்கூட அவருக்குத்தான் முதலில் சொன்னேன். மாலையில் அவர் குரல் வராவிட்டால் எனக்குத் தேத்தண்ணி இறங்காது என்ற அளவுக்கு வந்துவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, தனிமை அப்படிப்பட்டது.

அவர் யார் என்பது மட்டும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எங்கள் தீவில் புது ஆளைக் கண்டால் கேட்க ஒரு வரிசை இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை. கரம்பொன் என்றாலும் புளியங்கூடல் என்றாலும் வரிசை இதுதான். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் சாதி கைக்கு வந்துவிடும். அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லவேண்டி வராது. டென்மார்க் அக்கா இரண்டாவது கேள்வியோடு நின்றுகொள்வார். "கடற்கரைக்குப் போற ஒழுங்கை" என்பார். பிறகு பேச்சை மாற்றுவார்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைப் போட்டேன். "நல்ல தண்ணிக் கிணற்றடியில் நீங்கள் செய்த பெரிய குழப்படி என்ன?"

எங்கள் ஊரில் வீட்டுக் கிணறெல்லாம் உவர். மண்கும்பான் மணலில் ஊறுவதுபோல இங்கே தண்ணீர் ஊறாது. குடிக்கவென்று ஊருக்கு ஒரு கிணறு, அதுதான் நல்ல தண்ணிக் கிணறு. எல்லோருடைய சின்ன வயதும் அங்கே கிடக்கிறது என்று நினைத்துத்தான் கேட்டேன். வாளியைத் தொலைத்தவர், தவளையைப் பிடித்துத் தங்கச்சியின் குடத்துக்குள் விட்டவர் என்று பதில்கள் வந்து குவிந்தன. நாலாம் நாள் டென்மார்க் அக்கா எழுதினார். அன்றைக்கு மட்டும் நாலு வரிக்கு மேலே போனது.

"நாங்கள் குழப்படி செய்யேல்லை. எங்களைக் கிணத்துக் கட்டிலை ஏற விடமாட்டினம். குடத்தைக் கீழை வைச்சிட்டு நிப்பம். ஆராவது வந்து அள்ளி ஊத்தினால்தான் தண்ணி. வெய்யில் ஏறுமட்டும் நிண்ட நாளும் இருக்கு. ஒரு பிள்ளை மட்டும் எங்களைக் காக்க வைக்கிறேல்லை. எட்டாம் வகுப்புப் படிச்சிருப்பா. இரட்டைப் பின்னல். வலது கையிலை ஒரு சுட்ட தழும்பு. அவ இந்தக் குறூப்பிலை இருக்கிறாவோ?"

அதற்குக் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு முழு நாள். பிறகு சுவிசிலிருந்து ஒருவர் பிட்டும் மீன்குழம்பும் படம் போட்டார். உடனே எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது.

கனடா அண்ணை அழைப்பெடுத்தார். "ரீச்சர், ஆர் இவ? ஆற்றை பிள்ளை எண்டு ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோவன்."

"எதுக்கு?"

"சும்மாதான். தெரிஞ்சு வைச்சிருந்தால் நல்லது."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தப் பதிலைப் படித்த நிமிடத்திலிருந்து என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது வேறு காரணத்துக்காக. இரட்டைப் பின்னலும் சோற்றுப் பானை சுட்ட தழும்பும் என்னுடைய தமக்கைக்குத்தான் இருந்தன. என்னிலும் நாலு வயது மூத்தவள். தீவே இடம்பெயர்ந்த அந்த வருடம், யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில், ஏழு நாள் காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் ஏன் கிணற்றடிப் பக்கம் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை டென்மார்க் அக்காவின் குரல் வந்தது. "ரீச்சர், குறை நினையாதேங்கோ. எனக்கு மனசிலை ஒரு எண்ணம். அந்தப் பிள்ளை நீங்களோ?"

"ஓம், நான்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவர் கேட்ட விதத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. இல்லை என்றால் பிறகு என்னோடு ஏன் பேசப்போகிறார் என்ற பயமும் இருந்தது. செத்தவள் எழும்பி வந்து மறுக்கப்போவதில்லை. டென்மார்க்கோ தூரம். அந்தப் பக்கத்தில் அவர் அழுதார், இந்தப் பக்கத்தில் நான் பெரிய மனுசிபோல ஆறுதல் சொன்னேன். கள்ளி.

இரண்டு மாதம் கழித்து அவர் ரிக்கற் எடுத்துவிட்டார். "உங்களைப் பாக்கத்தான் வாறன்" என்றார். நான் முழங்கைக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு சட்டை தைப்பித்தேன். தழும்பைக் கேட்டால் வயதோடு மறைந்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு.

ஓட்டோவில் வந்து இறங்கினார். கட்டையாக வெட்டின நரைத்த முடி, நீளக் காற்சட்டை, வீங்கின கால். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை. ஒரு பொதியைப் பிரித்தார். கையால் பின்னின கம்பளிச் சால்வை, பச்சை நிறம். "இந்த வெக்கைக்கு இது ஏலாது எண்டு தெரியும். எண்டாலும் என்ரை கையாலை ஏதும் தரவேணும் எண்டு கிடந்தது." நான் அதைக் கதிரையில் விரித்துப் போட்டேன். அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகள் இரண்டை எடுத்து, இரண்டும் ஒரே சோடி என்று அவருக்குத் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் கடித்த பிஸ்கற் தட்டிலிருந்தே நானும் எடுத்தேன், அவர் பார்க்கும் நேரமாகப் பார்த்து. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"கிணத்தடிக்குப் போவமே?" என்றார்.

போனோம். கிணற்றுக் கட்டைத் திருத்தி நீலப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், எங்கள் குழுவின் உபயம். இப்போது அங்கே பெரிதாக ஒருவரும் வருவதில்லை. பவுசர் லொறியில் தண்ணீர் வருகிறது, இல்லாவிட்டால் போத்தல். அவர் கட்டுக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார். பிறகு ஏறினார். வாளியைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"விடுங்கோ, விடுங்கோ. நான் அள்ளித் தாறன்" என்று கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த ஆளை வேலை செய்ய விடக்கூடாது என்றுதான் வாங்கினேன், சத்தியமாக. அள்ளினேன். வாளியைச் சரித்தேன். அவர் குனிந்து இரண்டு கையையும் ஏந்திவிட்டார். நானும் வாளி அவர் கையில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு கிழவிகளுக்கும் அது மறக்கவில்லை. அவர் குடிக்கவில்லை. தண்ணீர் விரல்களுக்குள்ளால் வழிந்து காற்சட்டையை நனைத்தது.

நிமிர்ந்தார். "அது நீங்கள் இல்லை, ரீச்சர்."

"என்ன?"

"அவ எங்களுக்கு ஒருநாளும் அள்ளி ஊத்தேல்லை. ஆக்கள் இல்லாத நேரமாப் பாத்து வந்து, கயிறை எங்கட கையிலை தருவா. 'நீங்களே அள்ளுங்கோ, கெதியா' எண்டிட்டு ஒழுங்கையைப் பாத்துக்கொண்டு நிப்பா. நான் அதைக் குறூப்பிலை எழுதேல்லை. இப்பவும் ஆரும் அவவை ஏசிப்போடுவினம் எண்டு பயம்."

ஐம்பது வருடம் கழிந்தும் இந்த மனுசி என் தமக்கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"அது என்ரை அக்கா" என்றேன். செத்துப்போனதையும் சொன்னேன். அவர் கிணற்றுக் கட்டின்மேல் இருந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிறகு ஏன் அவ கிணத்தடிக்கு வரேல்லை?"

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவளிடம் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"நான் வீட்டிலை சொல்லிப்போட்டன்" என்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ரிபனுக்கு அவளோடு சண்டை. கோபத்தில் ஓடிப்போய், கயிற்றைக் கொடுக்கிறாள், கிணற்றுக் கட்டில் ஏற்றுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பா அவளைப் பூவரசங் கம்பு முறியுமட்டும் அடித்தார். ஊரார் சேர்ந்து, தீட்டுப்பட்டுவிட்டதென்று கிணற்றை இறைத்தார்கள். அவளை மறுநாளிலிருந்து வெளியே விடவில்லை, பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள். அவள் குசினியில் சமைத்துத் தர, நான் படித்து ரீச்சர் ஆனேன். ஒருநாளாவது என்னை ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திராது. அவள் ஏசவேயில்லை.

டென்மார்க் அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவவுக்குப் பிறகு ஒரு சின்னப் பிள்ளை வந்தது. எங்களை வரிசையிலை நிப்பாட்டி வாய்ப்பாடு கேக்கும். சரியாச் சொன்னால்தான் தண்ணி ஊத்தும். பிழைச்சால் கடைசியிலை போய் நிக்கவேணும். எங்களிலை பள்ளிக்கூடம் போனது ரண்டு பேர்தான். ஒருநாள் நான் ஏழாம் வாய்ப்பாட்டிலை பிழைச்சு வெறுங்குடத்தோடை வீட்டை போனனான். அது நீங்களோ?"

"ஓம், நான்தான்" என்றேன்.

அதை நான் மறந்திருந்தேன். உண்மையாகவே மறந்திருந்தேன். அவர் சொன்னதும் உள்ளங்கையில் அன்றைக்கு வாய்ப்பாடு கேட்கப் பிடித்திருந்த பூவரசந் தடி இருந்தது எனக்கு.

அவர் எழுந்து கயிற்றைக் கையில் எடுத்தார். தானே அள்ளினார். வாளியிலேயே வாய் வைத்துக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அவவின்ரை பேர் என்ன? எங்களுக்குத் தெரியாது. பெரிய வீட்டுப் பிள்ளையளை நாச்சியார் எண்டுதான் கூப்பிடவேணும் எண்டு அம்மா சொல்லித் தந்தவ. அவவுக்கு அது பிடிக்கிறேல்லை."

சொன்னேன். அவர் அந்தப் பெயரைக் கிணற்றைப் பார்த்து ஒருமுறை சொன்னார். என் வாயில் அந்தப் பெயர் வந்து கன வருடம். இங்கே அதை எழுதாமல் விடுகிறேன், அவளுடையதை எல்லாம் எடுத்தது போதும்.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் கிடந்த சால்வையை மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இது அவவுக்கு எண்டு பின்னினது" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் வாசல்வரைக்கும் போனேன். ஓட்டோ திரும்பி ஒழுங்கையால் போய்விட்டது. அது யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தைத் தாண்டியிருக்காது, அதற்குள் அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டதாகப் போன் காட்டியது.

ஞாயிறு வந்தது. நான் கேள்வி போடவில்லை. மத்தியானம் கனடா அண்ணையிடமிருந்து தனியே ஒரு செய்தி.

"ரீச்சர், கேள்வி எங்கை? டென்மார்க் ஆளும் விட்டிட்டுப் போட்டா. ஊருக்கு வந்தவவாம். ஆற்றை பிள்ளை எண்டு பிடிபட்டதோ?"

"இல்லை அண்ணை" என்று எழுதினேன். "நான் ஆரெண்டுதான் பிடிபட்டது."

அவர் கும்பிடும் கைகள் ஒன்று அனுப்பினார்.